ஐந்தாம் சீலமும் கைப்பேசியும்



பௌர்ணமிதோறும் நாம் ஒருங்கே அமர்ந்து திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்கிறோம். ஐந்தாம் சீலத்தைச் சொல்லும்போது நம்மில் பெரும்பாலோருக்கு உள்ளத்தில் ஒரு நிறைவு எழுவதுண்டு. கள்ளைத் தொடுவதில்லை, சாராயத்தைத் தொடுவதில்லை; ஆகவே இச்சீலம் நம்மிடம் பழுதின்றி இருக்கிறது என்பதே அந்த நிறைவு. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மோடு தம்மம் தழுவிய பெருந்திரளான மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளிலும் மது அருந்தாமை ஒன்றாகும். குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்ணாரக் கண்ட சமூகம் நாம். அவ்வுறுதியைக் காத்து வருவது பெருமைக்குரியதே.

ஆயினும் பாலி மொழியில் அச்சீலம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சற்றே ஊன்றி நோக்குவோம். மது வகைகளைப் பெயர் சொல்லிய பின், அவை விலக்கப்படுவதன் காரணமும் அவ்வாக்கியத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. 'பமாதம்' என்பது அக்காரணம். பமாதமாவது மனம் தன் காவலை விட்டு அயர்ந்திருத்தல். செய்வது இன்னதென்று அறியாமலே செய்துகொண்டிருத்தல். அந்த அயர்ச்சிக்கு இருப்பிடமாவதால் மது விலக்கப்பட்டது. அவ்வாறாயின், ஒரு துளியும் அருந்தாத ஒருவர், நள்ளிரவு கடந்தும் ஒளிரும் திரையை விரலால் தள்ளிக்கொண்டே, எதற்காக அதனைக் கையில் எடுத்தோம் என்பதையும் மறந்து கிடப்பாராயின், அவரிடத்தில் ஐந்தாம் சீலம் பழுதின்றி இருக்கிறதா?

'கைப்பேசியும் கள்ளே' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. பல மேடைகளில் அவ்வாறே முழங்கப்படுகிறது, கைதட்டலும் கிடைக்கிறது. அவ்வாறு சொல்வது பொருந்தாது என்பது நம் கருத்து. கள்ளைக் குடித்துக் கணக்குப் பாடம் கற்றவர் எவருமில்லை. கைப்பேசியைக் கொண்டு தேர்வுக்குப் படித்தவர்களும், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களும், பாபாசாகேப்பின் நூல் தொகுதிகளை விலையின்றிப் படித்தவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். ஆதலின் பழிப்பதற்குமுன் நோய் யாது, நோயல்லாதது யாது என்று பிரித்தறிவது கடமை. நோயின் பெயரையே தவறாகச் சொன்னால், நலமாக இருக்கும் பிள்ளை வசை பெறும். உண்மையில் நோயுற்றவரோ எவர் கண்ணிலும் படாமல் கரைந்து போவார்.

இந்நிலையைத் தமிழில் 'அடிமையாதல்' என்று வழங்குகின்றனர். பிறர் இச்சொல்லை எளிதாகச் சொல்லிவிடலாம். பண்ணையிலும் தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழன்றவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அடிமை என்பது அணிக்காகச் சொல்லும் உவமையன்று. அடிமைக்கு ஓர் ஆண்டை உண்டு. அடிமையின் பொழுது அடிமைக்குச் சொந்தமன்று. அவன் உழைப்பின் பயன் வேறொருவன் களஞ்சியத்தில் சேரும். 'போதும்' என்று சொல்லும் உரிமை அவனுக்கில்லை. ஒருவர் கைப்பேசியோடு வாழும் வாழ்வில் இவையெல்லாம் காணப்படுமாயின் அச்சொல் அங்கே பொருந்தும். காணப்படாதவிடத்து அது வெறும் வசைமொழி.

மருத்துவர்கள் இதனை எங்ஙனம் வரையறுக்கின்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். இதன் வரலாறு சற்று விந்தையானது. 1995இல் நியூயார்க் நகரத்து மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க் என்பார், மருத்துவ நூல்களின் போக்கைக் கேலி செய்யும் பொருட்டு, 'இணைய அடிமை நோய்' என ஒரு நோயைக் கற்பித்து எழுதினார். வேடிக்கையாக எழுதியதைப் படித்துத் தமக்கு அந்நோய் இருப்பதாகப் பலர் மெய்யாகவே முன்வந்தனர். மறு ஆண்டே கிம்பர்லி யங் என்னும் அமெரிக்க உளவியலார் அதனை ஆராயத்தக்க பொருளாக எடுத்துக்கொண்டு அறிஞர் அவையில் கட்டுரை படித்தார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க்கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், இணைய விளையாட்டு நோயை 'மேலும் ஆராயத்தக்கவை' என்னும் பகுதியில் வைத்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டு நோய்' என்பது 2019இல் ஏற்கப்பெற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்நிறுவனம் கூறும் அடையாளங்கள் மூன்று. விளையாட்டைத் தொடங்குவதும் நிறுத்துவதும் தன் வசத்தில் இல்லாமற் போதல். உணவு, உறக்கம், படிப்பு, உறவு ஆகிய பிறவற்றுக்கெல்லாம் மேலாக அது முதலிடம் பெறுதல். கேடு விளைவதைக் கண்ணால் கண்டும் விடாது தொடர்தல். இவை வாழ்வைப் பெரிதும் குலைக்கும் அளவில், பொதுவாக ஓராண்டேனும் நீடித்தாலன்றி மருத்துவர் நோயென்று சொல்லார். இத்தனை மணி நேரம் என்று ஒரு கணக்கு அதில் இல்லை என்பதைக் கருதுக. சமூக ஊடகத்தில் மூழ்குவதும், ஓயாது படக்காட்சிகள் பார்ப்பதும் அவ்வகைப்பாட்டில் தனி நோய்களாக இடம்பெறவில்லை. அவற்றைப் பற்றி அறிஞரிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருத்தி நாள்தோறும் ஆறு மணி நேரம் திரையின் முன் அமர்கிறாள். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறாள். தாய் அழைத்தால் எழுந்து செல்கிறாள். தேர்வு முடிந்த மறுநாள் கருவியை மூலையில் வைத்துவிடுகிறாள். இன்னொருவன் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமே கைப்பேசியை எடுக்கிறான். அதுவும் வீட்டார் உறங்கிய பின். அந்த ஒரு மணி நேரத்தில் சீட்டாடித் தங்கையின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தைத் தோற்று, தோற்றதை மீட்கக் கடன் செயலியில் பணம் வாங்கி, அதனையும் தோற்றிருக்கிறான். காலையில் எல்லாரோடும் சிரித்துப் பேசுகிறான். வீட்டாரின் ஏச்சு இவ்விருவரில் யாருக்கு விழுகிறது? ஆறு மணி நேரக்காரிக்கே விழுகிறது. கடிகாரத்தைக் கொண்டு இந்நோயை அளப்பதால் வரும் பிழை இது.

நிற்க. இக்கருவிகள் நேற்று வந்தவை. தம்மத்தில் இவற்றுக்கு விடை இருக்குமோ என்று சிலர் ஐயுறலாம். இல்லறத்தாரின் ஒழுக்க நூல் என்று போற்றப்படும் சிகாலோவாத சுத்தத்தை எடுத்துப் பாருங்கள். செல்வம் அழியும் வழிகளாகப் பகவான் ஆறனைச் சிகாலன் என்னும் இளைஞனுக்கு எடுத்துரைக்கிறார். மதுவும், அகாலத்தில் தெருச் சுற்றுவதும், கூடா நட்பும், சோம்பலும் அவற்றுள் அடங்கும். ஏனைய இரண்டே நாம் ஈண்டு கருதுபவை: காட்சிகளில் திரிதலும் சூதும்.

காட்சிகளில் திரிபவனைப் பற்றிப் பகவான் சொல்வது வியப்பூட்டுகிறது. கூத்துப் பார்ப்பதன் சுவையைப் பற்றியோ தீமையைப் பற்றியோ அவர் அங்கே பேசவில்லை. ஆட்டம் எங்கே, பாட்டு எங்கே, வாத்தியம் எங்கே, கதை எங்கே என்று அவன் தேடிக்கொண்டே இருப்பதைச் சுட்டுகிறார். அந்தத் தேட்டமே கேடு. ஒரு காட்சி முடியுமுன் அடுத்தது எங்கே என்று விரல் தேடும் இக்காலத்தாரைக் கண்டு சொல்லியதுபோல் இருக்கிறதன்றோ? பார்த்தது எதுவென்று ஒரு நாழிகை கழித்துக் கேட்டால் பலரால் சொல்ல முடிவதில்லை. பார்த்தலைக் காட்டிலும் தேடலே அங்கு மிகுதி.

சூதைப் பற்றிச் சொல்லும்போது, வென்றவன் பகை பெறுவதையும், தோற்றவன் இழந்த பொருளை எண்ணி வருந்துவதையும், சூதாடியின் சொல் அவையில் ஏறாமையையும், அவனுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வராமையையும் பகவான் எடுத்துக்காட்டுகிறார். பழைய சூதாடிக்கு இவ்வளவு தடைகள் ஊரிலே இருந்தன. அவனை ஊர் கண்டது. இன்றைய சூதாடியை மனைவியும் காணாள், அருகிலேயே படுத்திருந்தும். இணைய ரம்மியில் பணமிழந்தோர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்து வந்தமையால்தான் தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலும் பெற்றது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடெங்கும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் கடையை மூடலாம். உள்ளே எரியும் வேட்கையை எந்தச் சட்டமன்றமும் மூடியதில்லை. மதுவிலக்கின் வரலாற்றைக் கண்ட நமக்கு இதனை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வேட்கை எங்கே பிறக்கிறது? மணிமேகலைக் காப்பியம் பன்னிரு நிதானங்களையும் நல்ல தமிழ்ப் பெயர்களால் வழங்கியிருப்பது நம் பேறு. அவற்றுள் இடையிலுள்ள ஐந்தைக் கொள்வோம்: வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. கண்ணும் செவியும் வாயில்கள். மணி ஒலிக்கிறது, திரை ஒளிர்கிறது; அது ஊறு. உடனே இனிமையோ கசப்போ இரண்டுமல்லாததோ தோன்றுகிறது, அது நுகர்வு. இவ்வளவும் அருகதருக்கும் நிகழும். இதற்குப் பிறகு 'இன்னும் வேண்டும்' என்று எழுவது வேட்கை. அது இறுகிப்போவது பற்று. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையில் ஒரு சிறு வெளி உண்டு. நினைவு விழித்திருப்பின் அங்கே நிற்கலாம். அயர்ந்திருப்பின் கடந்தது தெரியாமலே கடந்துவிடுவோம். நம் வரையறை இதுவே: அவ்வெளி ஒருவரிடத்தில் அடைபட்டுப் போயிருத்தலே அடிமை நிலை. மருத்துவரின் எல்லை, வாழ்வு குலைந்த பின் தொடங்குகிறது. அவர் தொழிலுக்கு அதுவே முறை. தம்மத்தின் எல்லை அதற்கு நெடுந்தொலைவு முன்னதாக, விரல் அசையுமுன்னரே இருக்கிறது.

நுகர்வு மூவகை என்றோம். மக்கள் இன்பத்தின் பொருட்டே கைப்பேசியில் மூழ்குகின்றனர் என்று எண்ணுவது மேலோட்டமான பார்வை. கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின், அங்குள்ள மக்களில் பலர் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அந்த இரவு ரயிலில் தலை கவிழ்ந்து திரையைப் பார்த்து நிற்பவரின் முகத்தை நோக்குங்கள். இன்பத்தின் அடையாளம் அதில் இல்லை. உடற்களைப்பும், மேலாளரின் சுடுசொல்லும், இன்பமுமல்லாத துன்பமுமல்லாத வெறுமையும் அவரைத் திரையின் பக்கம் தள்ளுகின்றன. கல்லூரி விடுதியில் சாதியைக் கேட்டு ஒதுக்கப்பட்ட மாணவனுக்கு, எவரும் ஊரும் சேரியும் கேளாத ஓர் உலகம் திரையினுள் இருப்பதாகத் தோன்றுகிறது. அங்கும் சாதி வசை வந்து சேரும் என்பதை அவன் பின்னரே அறிகிறான். எனவே பெற்றோரே, கருவியைப் பிடுங்குமுன் அது எந்தப் புண்ணை மூடியிருக்கிறது என்று கேளுங்கள். பிடுங்கிய பின் புண் மட்டும் திறந்து கிடக்கும்.

வேட்கையும் மூன்றென்று ததாகதர் வகுத்தார். காண்பனவற்றையும் கேட்பனவற்றையும் நாடுவது காமவேட்கை. 'நான் இன்னாராக வேண்டும், எல்லாரும் என்னைக் காண வேண்டும்' என்பது பவவேட்கை. தம் படத்தை இட்டுவிட்டு, எத்தனை பேர் விருப்பக்குறி இட்டனர் என்று நாழிகைக்கு நான்கு முறை பார்ப்பவர் இதன் வசப்பட்டவர். மூன்றாவதாகிய விபவவேட்கையை நாம் அதிகம் பேசுவதில்லை. இல்லாமற்போக விழைதல் அது. விடியற்காலை மூன்று மணிவரை விழித்துத் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவர் பலர் தம்மையே மறக்க விழைகின்றனர். அவர்கள் தேடுவது மறைவு. இம்மூவரையும் ஒரே கோலால் அடித்துத் திருத்த முற்படுவது பேதைமை.

சங்யுத்த நிகாயத்தில் ஒரு குரங்கின் கதை உண்டு. இமயச் சாரலில் வேடர்கள் குரங்குகள் செல்லும் வழியில் பிசினைத் தடவி வைத்தனர். அறிவுள்ள குரங்குகள் அதைக் கண்டு விலகிச் சென்றன. ஆசை மிக்க ஒரு குரங்கு கையால் தொட்டது; கை ஒட்டிக்கொண்டது. அக்கையை விடுவிக்க மறு கையை வைத்தது, அதுவும் ஒட்டியது. ஒரு காலை ஊன்றியது, மறு காலை ஊன்றியது, இறுதியில் வாயையும் வைத்தது. ஐந்து இடத்தில் சிக்கி முனகிக் கிடந்த அதனை வேடன் வந்து தன் விருப்பம்போல் கொண்டு சென்றான். ஒவ்வொரு முறையும் அக்குரங்கு விடுபடவே முயன்றது என்பதை நோக்குக. கைப்பேசியால் வந்த சோர்வைப் போக்கக் கைப்பேசியையே எடுப்பதும், ஆடி இழந்ததை ஆடியே மீட்க முனைவதும் இவ்வகையின. சிக்கியவரை நாம் இரங்கத்தக்கவராகக் காண வேண்டியதற்குக் காரணமும் இதுவே.

கதையில் வேடனும் இருக்கிறான்; அவனை மறந்து குரங்கை மட்டும் திட்டுவது நேர்மையாகாது. ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலார் ஃபெர்ஸ்டர் என்பாரோடு சேர்ந்து புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளை 1957இல் பெருநூலாக வெளியிட்டார். புறா ஒரு வில்லையைக் கொத்தினால் தானியம் விழும். எத்தனை கொத்துக்கு ஒருமுறை விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தபோது அது ஓயாது கொத்தியது. தானியம் நின்ற பின்னும் நெடுநேரம் கொத்தியது. அடுத்த தள்ளலில் நல்லது வருமோ, அதற்கடுத்ததில் வருமோ என்று திரையைத் தள்ளும் நம் விரல் அந்தப் புறாவின் அலகே.

1907இல் பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. படித்து முடித்தவர் மடித்து வைத்தார். அண்டை வீட்டாருக்குக் கொடுத்தார். இக்காலத் திரைக்குக் கடைசிப் பக்கமே இல்லை. முடிவின்றி உருண்டுகொண்டே செல்லும் அம்முறையை 2006இல் வகுத்த ஏஸா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளரே அதற்காகப் பின்னர் வெளிப்படையாக வருந்தினார். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், தமக்குப் போட்டியாக இருப்பது மக்களின் உறக்கமே என்னும் கருத்தை 2017இல் தயக்கமின்றிச் சொன்னார். ஒரு பைசா கொடுத்து வாங்கிய தாளில் வாசகர் ஆண்டையாக இருந்தார். காசின்றி வருவதில் வாசகரின் பொழுதே சரக்காகி விளம்பரக்காரருக்கு விற்கப்படுகிறது. உழைப்பின் பயன் யார் களஞ்சியத்தில் சேர்கிறது என்று முன்னர்க் கேட்டோமே, அதற்கு விடை இங்கே இருக்கிறது.

இளைஞரை மட்டும் சொல்லி முடித்தால் அவர்கள் நம்மைப் பார்த்து நகைப்பர். நகைக்க உரிமையும் உண்டு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் முந்நூறு பேருக்கு அனுப்பாமல் பல் துலக்காத பெரியோர் நம் சங்கத்திலேயே உள்ளனர். தியானத்தின் நடுவே யாருடைய பையிலிருந்து மணி ஒலிக்கிறது என்பதையும் நாம் அறிவோம். விக்கிரகங்களை விட்டு வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், கண் விழித்ததும் முதலில் எதன் முகத்தில் விழிக்கிறோம்?

நோய் முற்றியவர்க்கு உபதேசம் போதாது. படிப்பையோ வேலையையோ உறவையோ இழந்தும் விட முடியாதவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நோயாளருக்குப் பணிவிடை செய்வது தமக்கே செய்வதாகும் என்னும் கருத்தைப் பகவானே அருளினார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனவே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்கி வருகிறது. தொலைவிலிருப்போர் அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணாகிய 14416ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். இணையச் சூதில் கடன்பட்டவர் எவரேனும் தனிமையில் இருண்ட எண்ணங்களோடு இருப்பதாகத் தோன்றின், பௌர்ணமி வரை காத்திராமல் அன்றே அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். கணக்குக் கேட்காதீர்கள், உடன் இருங்கள்.

மற்றையோர்க்கு உபோசதம் இருக்கிறது. எட்டுச் சீலங்களில் ஏழாவது ஆடல் பாடல் காட்சிகளை விலக்குதலை உள்ளடக்கியது என்பதை அறிவீர்கள். வரும் பௌர்ணமியன்று சூரிய உதயம் முதல் மறு உதயம் வரை, வர விரும்புவோர் தம் கைப்பேசியை அணைத்து ஒரு துணிப்பையில் இட்டு, பெயரெழுதிப் புத்தர் திருவுருவின் முன் வைத்துவிடலாம். பெரியோர் முதலில் வைக்கட்டும், சிறுவர் பிறகு வைப்பர். ஒவ்வொருவரும் ஒரு சிறு தாளும் எழுதுகோலும் வைத்துக்கொள்க. கை தானே இடுப்பையோ சட்டைப்பையையோ தேடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு இடுக. அக்கணத்தில் இருந்தது இன்பமா, துன்பமா, இரண்டுமற்ற வெறுமையா என்று பக்கத்தில் ஓரெழுத்தால் குறிக்க. தாளை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. பிறிதோர் ஊரில் நோயாளரையோ கைக்குழந்தையையோ விட்டு வருவோர், வாயிலில் அமர்ந்திருப்பவரின் எண்ணை வீட்டாரிடம் முன்னரே கொடுத்து வருக. அவர் கையில் மட்டும் பொத்தான் வைத்த பழைய கைப்பேசி ஒன்று திறந்திருக்கும்.